டிவி இல்லாமல் இரண்டு இட்லி: எங்கள் வீட்டில் டிவியைக் குறைத்த முறை

என் மகளுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. ஆறு மாதம் முன்பு வரை எங்கள் வீட்டு டிவி ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. இப்போது மாலையில் அரை மணி நேரம். நடுவில் ஒரு முறை படுதோல்வி அடைந்தேன், அதையும் சொல்கிறேன்.

டிவி ஏன் கெடுதல் என்று விளக்கப் போவதில்லை. அளவு மட்டும்: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் குறைந்தால் நல்லது. வெளியூர் சித்தியோடு வீடியோ காலில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1. மூன்று நாள் எழுதி வையுங்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். டிவி எத்தனை மணிக்கு ஓடியது, யார் போட்டது. இரண்டாவது கேள்விதான் முக்கியம். எங்கள் தாளில் மகள் கேட்டுப் போட்டது பாதிகூட இல்லை. நான் சமைக்க, மாமனார் செய்தி பார்க்க, அத்தை சீரியல் பார்க்க என்று மீதியெல்லாம் நாங்களே போட்டது.

2. முதலில் பெரியவர்கள் டிவி

அத்தையிடம் சீரியலை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மறுநாள் மதியம் பிள்ளை தூங்கும் நேரத்தில் அதே சீரியலைப் போனில் போட்டு ஹெட்செட்டோடு கொடுத்தேன். விளம்பரம் குறைவு என்று அவருக்கே பிடித்துவிட்டது. மாமனார் செய்தித்தாளுக்குத் திரும்பினார், கொஞ்சம் முனகலோடு.

3. தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்துங்கள்

யூடியூப் அமைப்புகளில் ஆட்டோபிளே என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். போனில் அணைத்தால் போதாது, டிவியிலும் தனியாகப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இதைவிட பென் டிரைவ் மேல். ஆறே ஆறு வீடியோ போட்டு டிவியின் பின்னால் செருகிவிட்டேன். விளம்பரம் இல்லை, ஓரத்தில் அடுத்த படத்தைக் காட்டி ஆசை காட்டுவதும் இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் கார்ட்டூன் சேனல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு முடிவே கிடையாது, எங்கே நிறுத்தினாலும் அழுகைதான்.

4. சாப்பாடு

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் முயற்சியில் ஒரு திங்கட்கிழமை மூன்று வேளைக்கும் சேர்த்து டிவியை நிறுத்தினேன். அவள் வாயே திறக்கவில்லை. செவ்வாய் மதியம் அத்தை, "ஏம்மா, பிள்ளை பட்டினி கிடக்கணுமா?" என்று ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. அதோடு முடிந்தது.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. அதுவரை அவள் சாப்பிட்டதே இல்லை. படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள், நான் பருப்பு சாதத்தைத் திணித்தேன். பசி எது, வயிறு நிறைந்தது எது என்றே அவளுக்குத் தெரியாது. அதைப் பழக நாள் வேண்டும்.

இரண்டாம் முறை ஒரே ஒரு வேளை, காலை டிபன் மட்டும். எழுந்ததும் கொடுக்கும் முழு டம்ளர் பாலை அரை டம்ளராக்கினேன். மொட்டை மாடியில் அரை மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவளுக்கும் ஒரு தட்டு. இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டு, கையில் எடுத்துச் சாப்பிட விட்டேன். பாதி தரைக்குப் போகும், போகட்டும். இருபது நிமிடம், அதற்கு மேல் தட்டை எடுத்துவிட வேண்டும். கெஞ்சக் கூடாது, பின்னால் கிண்ணத்தோடு ஓடக் கூடாது. முதல் நான்கு நாள் அரை இட்லிதான் உள்ளே போனது. பத்தாம் நாள் சட்னி கேட்டாள். காலை சரியான பிறகே மதியம், அப்புறம் இரவு. மொத்தம் ஐந்து வாரம் ஆனது.

எடை குறைகிறது, சோர்வாக இருக்கிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. அணைக்கும் நேரம்

"கரண்ட் போச்சு" என்று சொல்லிச் சுவரில் சுவிட்சை அணைப்பது நான்கு நாள் வேலை செய்தது. ஐந்தாம் நாள் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைக் கை காட்டினாள். பொய் வேண்டாம். கதை முடியும் இடத்தில் நிறுத்துங்கள், ரிமோட் பட்டனை அவளே அழுத்தட்டும். உடனே கையில் வேறு ஏதாவது வேண்டும்: எங்கள் வீட்டில் உரிக்கப் பட்டாணி. காசு கொடுத்து வாங்கிய மணல் கடிகாரத்தை அவள் குலுக்கி விளையாடினாள், அவ்வளவுதான் அதன் பயன்.

பின்சேர்க்கை: "டிவியை நிறுத்தினால் போனைக் கேட்கிறான்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். முதல் படியிலேயே போனையும் தாளில் எழுதுங்கள், இரண்டும் ஒரே கணக்கு.

இன்னொன்று: காய்ச்சல் நாட்களில் நாங்களும் தளர்த்திவிட்டோம். மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு பழைய நிலைக்கு வர ஒரு வாரம் பிடித்தது. மறுபடி காலை இட்லியிலிருந்துதான் ஆரம்பித்தேன்.