ஊருக்குக் கிளம்பும்முன் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்களா? உங்கள் பகுதி காவல் நிலையத்தில் விலாசம், போகும் நாள், திரும்பும் நாள், செல்போன் எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரோந்து வருபவர்களுக்கு எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால்தானே அங்கே ஒரு பார்வை பார்ப்பார்கள்!

போலீஸைவிடப் பெரிய காவல் எதிர்வீட்டு அக்காதான். வாசலில் சேரும் பேப்பர், பால் பாக்கெட், பட்டப்பகலிலும் எரியும் போர்டிகோ விளக்கு, கேட்டுக்கு வெளியே தொங்கும் பெரிய பூட்டு... ஆள் இல்லை என்பதற்கு இதைவிட வேறு போர்டு வேண்டாம். ஒரு சாவியை அவரிடம் கொடுத்து, தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள். பேப்பரையும் பாலையும் நிறுத்திவிடுங்கள். டூர் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவது திரும்பி வந்த பிறகு இருக்கட்டும்.

தெருவைப் பார்த்தபடி வீட்டில் கேமரா இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். படம் பதிவாகும் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கேமராவில் ஓடும் நேரம் சரியா என்றும் பாருங்கள். அது தப்பாக இருந்தால், ஆள் எந்தப் பக்கம் போனான் என்று அடுத்தடுத்த தெருக் கேமராக்களோடு ஒப்பிடும்போது எல்லாம் குழம்பிவிடும்.

சந்தேகப்படும்படி யாராவது சுற்றினால் 100 அல்லது 112க்கு அழைத்து, வண்டி எண்ணையும் போன திசையையும் சொல்லுங்கள். போட்டோ எடுத்து 'பிள்ளை பிடிப்பவன்' என்று வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடாதீர்கள். 2018ல் போளூர் பக்கம் இப்படிக் கிளம்பிய வதந்தியை நம்பிய கும்பல், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது.