ஃபீஸ் பாக்கின்னு டீசி தர மாட்டேங்கறாங்களா? இப்படி பண்ணுங்க

ஸ்கூல் மாத்தலாம்னு டீசி, அதாவது மாற்றுச் சான்றிதழ், கேக்கப் போனா "பாக்கிய செட்டில் பண்ணிட்டு வந்து வாங்கிக்கோங்க"ன்னு அனுப்பிடுவாங்க, நாமளும் கடன உடன வாங்கியாவது கட்டிடலாம்னு தலைய தொங்கப் போட்டுட்டு திரும்பி வந்துடுவோம். ஆனா பாக்கி வேற, டீசி வேற. பாக்கி பெத்தவங்களுக்கும் ஸ்கூலுக்கும் உள்ள கணக்கு, டீசி புள்ளையோடது. ஆபீஸ் ரூம்ல என்ன பேச்சு வந்தாலும் இத மட்டும் விட்டுடாதீங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சா தைரியமா பேசலாம். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆர்டிஇன்னு சொல்றோமே, அதுல 5வது பிரிவு இதுக்குத்தான் இருக்கு. புள்ள வேற ஸ்கூல்ல சேர ஹெட்மாஸ்டர் உடனே டீசி தரணும், இழுத்தடிச்சா அவர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டீசி லேட்டாகுதுன்னு சொல்லி கவர்மெண்ட் ஸ்கூலோ எய்டட் ஸ்கூலோ அட்மிஷன் மறுக்கவும் கூடாது, தள்ளிப் போடவும் கூடாது. இது 6ல இருந்து 14 வயசு வரைக்கும், எட்டாவது வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு.

இதுக்கு மேல 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, ஃபீஸ் வசூல் பண்ற கருவியா டீசிய பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருக்குன்னு டீசில எழுதவும் கூடாது, எழுதினா அது ஆர்டிஇ 17வது பிரிவு தடை பண்ற மன ரீதியான துன்புறுத்தல்னு. அதனால புள்ள ஒன்பதாவது, பதினொண்ணாவது படிச்சாலும் இந்த தீர்ப்ப சொல்லிக் கேளுங்க.

இப்போ வேலைக்கு வருவோம். வாயால கேக்கறத இன்னியோட நிறுத்திடுங்க. வாயால கேட்டா "நாளைக்கு வாங்க", "கரஸ்பாண்டண்ட் ஊர்ல இல்ல" இதுதான் பதில். ஒரு வெள்ளைத் தாள்ல ஹெட்மாஸ்டர் பேருக்கு லெட்டர் எழுதுங்க. புள்ளையோட பேரு, வகுப்பு, பிரிவு, எமிஸ் நம்பர் (கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல புள்ளைக்கு உள்ள நம்பர்), தேதி எல்லாம் போட்டு, "என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க இருப்பதால், கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவின்படி மாற்றுச் சான்றிதழை உடனே வழங்கவும், எமிஸ் தளத்தில் அவரது பெயரை விடுவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்" அவ்வளவுதான். ஃபீஸ் பத்தி அதுல ஒரு வரி கூட வேண்டாம், "கட்ட முடியாத காரணத்தால்"னு எழுதினா பேச்சு திரும்ப அங்கயே போய் நின்னுடும். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல், கையெழுத்து, தேதி வாங்குங்க, வாங்க மறுத்தா அன்னிக்கே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க.

எமிஸ் விஷயத்த நிறைய பேர் மறந்துடறாங்க. பழைய ஸ்கூல் ஆன்லைன்ல புள்ளைய காமன் பூலுக்கு, அதாவது எந்த ஸ்கூல் லிஸ்ட்லயும் இல்லாத பொதுப் பட்டியலுக்கு, விட்டாதான் புது ஸ்கூல் தன் லிஸ்ட்ல ஏத்த முடியும், கையில டீசி இருந்தும் இங்க மாட்டிக்கிட்டு அலையறவங்க உண்டு. அதனாலதான் லெட்டர்லயே அத சேத்து எழுதச் சொன்னேன்.

என் அக்கா பையனுக்கு ஏழாவதுல இதே கத நடந்துச்சு. பதினோரு நாள் வீட்டுலயே உக்காந்திருந்தான், மத்த பசங்க வேன்ல ஏறற நேரம் வாசல்ல நிக்க மாட்டான், எழுந்து உள்ள போயிடுவான். அக்கா ஒவ்வொரு நாளும் போய் கெஞ்சிட்டு வந்தா, அவ கெஞ்சினதுக்கு ஒரு காகிதம் கூட சாட்சி இல்ல. லெட்டர் குடுத்து, அதோட காப்பிய கல்வி அலுவலருக்கும் குடுத்த பிறகுதான் ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு.

ஒரு வாரத்துல பதில் இல்லன்னா, சீல் வாங்கின காப்பிய இணைச்சு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் புகார் குடுங்க. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தா நம்பரோட ரசீது வரும், முதல்வர் ஹெல்ப்லைன் 1100க்கு போன் பண்ணியும் பதியலாம். ஆர்டிஇ 32வது பிரிவுலயும் புகார் குடுக்க வழி இருக்கு, ஆனா அதுல முடிவு சொல்ல 3 மாசம் டைம், ஸ்கூல் திறந்துட்டா அவ்வளவு நாள் தாங்காது, அத மட்டும் நம்பி உக்காராதீங்க. அதுக்கும் அசையலன்னா டீசி தர உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம். வக்கீலுக்கு காசில்லையேன்னு பயப்படாதீங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, அவங்க ஹெல்ப்லைன் 15100.

இதுக்கு நடுவுல புள்ளைய வீட்டுல வெச்சிருக்காதீங்க. எட்டாவது வரைக்கும்னா பக்கத்துல இருக்கற கவர்மெண்ட் ஸ்கூல்ல போய் சேத்துடுங்க, டீசிக்கு எழுதிக் குடுத்த காப்பிய காட்டுங்க, டீசி பின்னாடி வரட்டும். பிரைவேட்ல இருந்து பிரைவேட்டுக்கு போறதுன்னா டீசி இல்லாம எடுக்க தயங்குவாங்க, அங்க பழைய ஸ்கூல விடாம நெருக்கறதுதான் வழி.

பாக்கி பத்தியும் நேர்மையா சொல்லிடறேன். டீசி வாங்கிட்டா கடன் தீந்துடாது, ஸ்கூல் அத சட்டப்படி கேட்டு வசூல் பண்ணலாம், கோர்ட்டுக்கும் போகலாம், முடிஞ்சப்போ கட்டிடறதுதான் நியாயம். ஆனா கட்டறதுக்கு முன்னாடி அந்தத் தொகை சரியான்னு பாருங்க. தமிழ்நாட்டுல 2009ல வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி பிரைவேட் ஸ்கூலுக்கு ஃபீஸ் நிர்ணயிக்க ஒரு கமிட்டி இருக்கு, அது நிர்ணயிச்சதுக்கு மேல வாங்கக் கூடாது. உங்க ஸ்கூலுக்கு எவ்வளவுன்னு பாத்து, கட்டின ரசீதெல்லாம் கூட்டிப் பாருங்க, கேக்கற பாக்கி அப்படியே இருக்கா குறையுதான்னு தெரிஞ்சுடும். தேதி போடாத செக், வெத்து பேப்பர்ல கையெழுத்து, எது கேட்டாலும் குடுக்காதீங்க.

ஆபீஸ்ல இருக்கற கிளார்க் கிட்டயும் கிளாஸ் டீச்சர் கிட்டயும் கோவப்படாதீங்க, முடிவு அவங்க கையில இல்ல, நல்லபடியா பேசினா எமிஸ் நம்பர் எடுத்துக் குடுக்கறது மாதிரி உதவி அவங்ககிட்ட இருந்துதான் வரும்.

டீசி கைக்கு வந்ததும் கவுண்டர்லயே நின்னு படிங்க. பேரு, இனிஷியல், பிறந்த தேதி, எந்த வகுப்பு வரைக்கும் படிச்சான்னு ஒவ்வொண்ணா பாருங்க. "பள்ளிக்குச் செலுத்த வேண்டிய கட்டணத் தொகை அனைத்தையும் செலுத்திவிட்டாரா"ன்னு பழைய ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கும், அதுல "இல்லை"ன்னோ பாக்கித் தொகையோ எழுதியிருந்தா வாங்கிட்டு வந்துடாதீங்க, ஹைகோர்ட் தீர்ப்ப சொல்லி அங்கயே மாத்தித் தரச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்கிட்டு, ஒரிஜினல அன்னிக்கே புது ஸ்கூல்ல குடுத்துடுங்க.