ரோஜர், வில்கோ, ஓவர்: ரேடியோவில் பேசும் முறை

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் ராணுவத்தார் இல்லாத தெருவே இல்லை. ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு, ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் பணியாற்றிய நான் முதலில் சொல்லித் தருவது எழுத்துகளைத்தான்.

இரைச்சலில் பி, டி, வி மூன்றும் ஒன்றாகவே கேட்கும். ஆகவே பிராவோ, டெல்டா, விக்டர் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் என்ற இந்த வரிசை 1956இல் நிலைபெற்றது. வேலூரை எழுத்துக்கூட்டிப் பழகுங்கள்: விக்டர், எக்கோ, லீமா, லீமா, ஆஸ்கர், ரோமியோ, எக்கோ. ஒன்பதை 'நைனர்' என்று நீட்டினால் 'ஃபைவ்' உடன் குழம்பாது.

'ரோஜர்' என்றால் சம்மதம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, செய்தி கிடைத்தது என்று மட்டுமே பொருள். பழைய எழுத்துவரிசையில் 'ஆர்' எழுத்தின் பெயர் ரோஜர். 'ரிசீவ்ட்' என்பதன் முதலெழுத்து அது. கட்டளையை நிறைவேற்றுவேன் என்பதற்கு 'வில்கோ', அதாவது 'வில் கம்ப்ளை'. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்; வில்கோவுக்குள்ளேயே ரோஜர் அடங்கிவிடுகிறது.

'ஓவர்' என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது. சினிமாவில் வருவதுபோல் இரண்டையும் ஒட்டிச் சொல்ல நான் யாரையும் விடுவதில்லை. 'மேடே' என்ற ஆபத்து அழைப்பை விளையாட்டுக்குக்கூட ரேடியோவில் சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், மூன்று முறை.