ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு எந்த ஆயில்?

ஃபைபர் படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் டூ ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டுகிறவர்கள் முதலில் குழம்புவது ஆயிலில்தான். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக்கிலோ அதே ஆயில் என்ஜினுக்குள் கிடந்து நாள்கணக்கில் உழைக்கும். டப்பாவில் ‘டிசி-டபிள்யூ3’ என்று இருந்தால் அது டூ ஸ்ட்ரோக் சரக்கு. இந்த என்ஜினில் ஊற்றவும் வேண்டாம், பெட்ரோலில் கலக்கவும் வேண்டாம்.

பார்க்க வேண்டிய முத்திரை ‘எஃப்சி-டபிள்யூ’. அமெரிக்காவின் என்எம்எம்ஏ என்ற படகுத் தொழில் சங்கம் சோதித்துத் தருவது. துரு பிடிக்காமல் காக்கிறதா, தண்ணீர் கலந்தால் ஃபில்டரை அடைக்கிறதா, நுரை தள்ளுகிறதா, அரைபட்டு அரைபட்டு நீர்த்துப்போகிறதா என்று பார்த்துத்தான் இதைக் கொடுக்கிறார்கள். பிராண்டு எதுவானாலும் சரி, முத்திரைதான் முக்கியம்.

கார் ஆயில் போதாதா என்று கேட்பார்கள். நெடுஞ்சாலையில் கார் பெரும்பாலும் 2000, 3000 ஆர்பிஎம்மில் ஓடும். அவுட்போர்டு முழு த்ராட்டிலில் 5000 முதல் 6000 வரை மணிக்கணக்கில் ஓடும். இத்தனை உழைத்தும், கடல்நீரை நேராக இழுத்துக் குளிர்விப்பதால் என்ஜின் காரைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். அதனால் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து இறங்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். வெளியே உப்புக்காற்று வேறு. பைக்குக்கான 20டபிள்யூ-40 எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள ‘ஜாசோ எம்ஏ’ முத்திரை கிளட்ச் வழுக்காது என்பதற்குத்தான். உப்புத் துருவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எஃப்சி-டபிள்யூ கிடைக்காத இடத்தில், மோட்டாரின் மேனுவலில் ஏபிஐ எஸ்ஜே, எஸ்எல் போன்ற ஆயில் தரம் அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்தத் தரமுள்ள ஆயிலை வாங்கலாம்.

அடுத்தது கெட்டித்தன்மை. 10டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. தமிழகக் கரையில் அது பெரிய விஷயமே இல்லை. இரண்டாவது எண்தான் சூட்டில் தாக்குப்பிடிப்பதைக் காட்டும். மேனுவலில் வெப்பநிலை அட்டவணை இருக்கும். அதில் 30, 40 இரண்டுமே இருந்தால், பகல் வெயிலில் முழு வேகத்தில் ஓட்டுபவருக்கு 10டபிள்யூ-40 நல்லது. சில கம்பெனிகள் 25டபிள்யூ-40 கூடச் சொல்கின்றன. அட்டவணையில் இல்லாததைக் ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று ஊற்றாதீர்கள்.

9.9 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் ஒரு லிட்டர் போகும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். மோட்டாரை நேராக நிறுத்தி, சூடு இருக்கும்போதே பழையதை வடித்து, டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். முக்கால் பங்கு ஊற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பாருங்கள். பிறகு மேல்கோடு தாண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். கூடிப்போனால் நுரைத்து, காற்று உள்ளே போகும் ஏர் இன்டேக் வழியே புகுந்து எரிந்து புகையாகும்.

புது மோட்டாருக்கு முதல் மாற்று பொதுவாக 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை அல்லது வருடம் ஒருமுறை. ‘வருடம் ஒருமுறை’ உல்லாசப் படகுக்காரர்களுக்குத்தான். தினம் ஆறு மணி நேரம் ஓடும் மீன்பிடிப் படகுக்கு 100 மணி பதினேழு நாளில் வந்துவிடும்.

டிப்ஸ்டிக்கில் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலுக்குள் எரிபொருள் இறங்குகிறது என்று அர்த்தம். நெடுநேரம் மெதுவாக ஓட்டுவதும், திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டும் (என்ஜின் சூட்டுக்கேற்பக் குளிர்நீரை விடும் வால்வு) வழக்கமான காரணங்கள். ஆயிலை மாற்றிவிட்டுத் தெர்மோஸ்டாட்டைச் சரிபாருங்கள். வேகத்தில் ஓட்டிச் சூடேற்றினால் மறுபடி சேர்வது குறையும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேஸ்கெட்டைப் பார்க்காமல் மோட்டாரை ஓட்டக்கூடாது. புரொப்பெல்லர் பக்கத்துக் கியர் ஆயில் வெளுத்திருந்தால் அது வேறு கதை: அங்கே தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது. அந்த ஆயிலும் தனி, என்ஜின் ஆயிலை அதில் ஊற்றக் கூடாது.