எழுத்தாளர்கள் புகழ்ந்த பழைய ஷாட்கன்னைத் தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்க வேட்டை எழுத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு பார்க்கர், ஃபாக்ஸ், எல்.சி. ஸ்மித், வின்செஸ்டர் மாடல் 21 ஆகிய இரட்டைக்குழல் ஷாட்கன்களின் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கிகளின்) பெயர்கள் கதைமாந்தர்களின் பெயர்களைப் போலவே பழகிப்போயிருக்கும். படித்த சூட்டோடு அதே பெயரைத் தேடி வாங்கிவிட்டு, பிறகு அது தோளில் பொருந்தவில்லை என்று வருந்துபவர்கள் குறைவில்லை. எழுத்தாளரிடமிருந்து நாம் முதலில் கேட்டுப் பெற வேண்டியது, எந்தப் பறவைக்கு, எந்த நிலத்தில், எப்படிப்பட்ட உடல்வாகு கொண்டவர் அதைத் தூக்கிச் சுட்டார் என்ற விவரமே.

வேட்டை எழுத்தாளர் நாஷ் பக்கிங்ஹாமின் துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். மெம்ஃபிஸ் நகரத்தவரான அவர், 3 அங்குலத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) ஃபாக்ஸ் ஒன்றை வைத்திருந்தார். அதன் குழல்களை பர்ட் பெக்கர் என்ற கைவினைஞர் துளையிட்டுச் சீர்செய்திருந்தார். அதன் வெடியோசையைக் கேட்ட நண்பர் ஒருவர் அதற்கு 'போ வூப்' என்று பெயரிட்டார். 1948 டிசம்பர் 1 அன்று, ஆர்கன்சாவின் கிளாரெண்டன் அருகே வாத்து வேட்டை முடிந்து திரும்புகையில், வனத்துறைக் காவலர்கள் உரிமத்தைச் சோதித்தபோது காரின் மேல் வைக்கப்பட்ட அத்துப்பாக்கி, கார் நகர்ந்ததும் எங்கோ விழுந்து காணாமல் போயிற்று. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளிப்பட்ட அது, 2010இல் ஏலத்தில் 2,01,250 டாலருக்கு விலைபோனது. கதை சுவையானதுதான். ஆனால் சுமார் 10 பவுண்டு எடையுள்ள அந்தத் துப்பாக்கி, உயரத்தில் பறக்கும் வாத்துகளுக்காக, ஓரிடத்தில் நின்று சுடும் கட்டுமஸ்தான மனிதருக்காகச் செய்யப்பட்டது. புதர்க்காட்டில் நாள் முழுதும் நடந்து காடை தேடுபவர் அதைச் சுமந்தால் மதியத்திற்குள் தோள் துவண்டுவிடும்.

அடுத்து, அந்தத் துப்பாக்கி எழுத்தாளரின் கைக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். முன்னாள் அமெரிக்க அதிபரும் எழுத்தாளருமான தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்ற ஃபாக்ஸ், அதைச் செய்த நிறுவனமே அவருக்கு அளித்த பரிசு. அது சிறந்த துப்பாக்கி என்பதில் ஐயமில்லை என்றாலும், பரிசாக வந்ததைப் பற்றிய புகழுரையையும், சொந்தப் பணத்தில் வாங்கிப் பல ஆண்டுகள் சுட்டவரின் சொல்லையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

பெயர்களின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்க்கர் கனெக்டிகட்டின் மெரிடன் நகரில் செய்யப்பட்டது. 1934இல் ரெமிங்டன் அந்நிறுவனத்தை வாங்கியது. பார்க்கரின் குழலடிக் கொக்கியில் சட்டகத்தின் அளவு எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும், எண் சிறியதானால் துப்பாக்கியும் மெலிந்திருக்கும். ஃபாக்ஸின் பூட்டில் (தோட்டாவை வெடிக்கவைக்கும் அமைப்பில்) பாகங்கள் மிகக் குறைவு என்பதால் பழுதும் குறைவு. எல்.சி. ஸ்மித்தில் பக்கவாட்டுத் தகடுகளுக்குப் பின்னே மரம் விரிசல் விடுவது பரவலாகத் தெரிந்த குறை. மாடல் 21 உறுதியில் மற்ற மூன்றையும் மிஞ்சும்; அழகில் மிஞ்சுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

துப்பாக்கி கைக்கு வந்ததும் இரு குழல்களும் காலியா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே சோதனையைத் தொடங்குங்கள். முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழல்களைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கும்போது மூட்டில் ஆட்டம் தெரிந்தால், பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். பிறகு குழல்களைத் தனியே பிரித்து, கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு மெல்லத் தட்டுங்கள்: மணி போல நீண்டு ஒலித்தால் குழல்களை இணைக்கும் பட்டையின் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது, மந்தமாக ஒலித்தால் எங்கோ விட்டிருக்கிறது. வாய்ப்பகுதியில் இரு குழல்களுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், யாரோ ஒருவர் குழலை வெட்டிக் குறைத்திருக்கக்கூடும். அப்படியானால் குண்டுகள் அதிகம் சிதறாமல் இருக்கக் குழல்வாயில் அமைத்த சோக் என்ற ஒடுக்கமும் போயிருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தோட்டா அறையின் நீளம். பழைய துப்பாக்கிகளில் பலவற்றின் அறை இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவைவிடக் குறுகியது. குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றில் அது 2 9/16 அங்குலமே. தோட்டாவின் நீளம் வெடித்து விரிந்த பின் அளக்கப்படுவதால், மடிந்த நிலையில் அது குறுகிய அறைக்குள்ளும் சிக்கலின்றி நுழைந்துவிடும், வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் மட்டும் ஏறும். ஆகவே 'தோட்டா பொருந்துகிறது' என்ற விற்பனையாளரின் சொல்லை நம்பாமல், துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அறையின் நீளத்தையும் குழல் சுவரின் தடிமனையும் அளந்து வாங்குங்கள். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலானால் அந்த அளவீடு இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

மரக்கட்டையின் வளைவு இன்னொரு பொறி. பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளில் குதிகால், அதாவது கட்டையின் பின்முனையின் மேல்நுனி, குழல் மட்டத்திலிருந்து 3 அங்குலம் வரைகூடத் தாழ்ந்திருக்கும். அக்காலத்தவர் தலையை நிமிர்த்திச் சுட்டார்கள். இன்று கன்னத்தை அழுத்தி வைத்துச் சுடுபவரின் கண்ணுக்குக் குழல் தெரியாது, துப்பாக்கியின் முதுகு மட்டுமே தெரியும். கண்ணை மூடித் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்: குழலின் மேற்பட்டை நேராகத் தெரியாவிட்டால் எண்ணெயும் வெப்பமும் கொண்டு மரத்தை வளைத்துத் தரும் வல்லுநரை நாட வேண்டியிருக்கும்.

வாத்து வேட்டைக்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைகளை ஈயக்குண்டால் சுடுவதற்கு நாடு முழுவதும் தடை உள்ளது. அதற்கு மாற்றாக வந்த எஃகுக் குண்டுகளோ பழைய மென்மையான குழலைக் கீறி, சோக்கைப் புடைக்கச் செய்துவிடும். பிஸ்மத் என்ற உலோகக் குண்டுகள் கொண்ட தோட்டாக்கள் விலை அதிகம் என்றாலும், பழைய துப்பாக்கிக்கு அவையே ஏற்றவை.

விலை பேசும் முன், வரிசை எண்ணைக் கொண்டு, துப்பாக்கி முதலில் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிவிக்கும் தொழிற்சாலைப் பதிவுக் கடிதம் பெற முடியுமா என்று பாருங்கள். வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. பார்க்கர் சேகரிப்போர் சங்கமும் இத்தகைய கடிதம் தருகிறது. கடிதத்தில் 30 அங்குலக் குழல் என்றிருந்து, கையில் இருப்பது 26 அங்குலமானால், எழுத்தாளர் பெயரைச் சொல்லி விற்பவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது துப்பாக்கியைத் திரும்ப வைத்துவிட்டு வரலாம்.