கிங்ஸ்டன்: வரலாறும் நிலமும், தவிர்க்க வேண்டிய தவறுகளும்

ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தடுமாறும் இடம் போர்ட் ராயல். 1692 ஜூன் 7 அன்று நிலநடுக்கத்தில் அழிந்த அந்த ஊரைப் 'பழைய கிங்ஸ்டன்' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு ஊர்கள். துறைமுகத்தைத் தெற்கே அணைத்து நிற்கும் பாலிசாடோஸ் என்ற மணல்திட்டின் மேற்கு முனையில் போர்ட் ராயல். நீருக்கு அப்பால், லிகுவானியா சமவெளியின் கரையில் கிங்ஸ்டன்.

போர்ட் ராயல் முழுவதும் கடலில் மூழ்கியது என்பதும் சரியல்ல. நீர் ஊறிய மணல் அதிர்வில் இறுக்கம் இழந்து குழைந்ததால், அதன் மேல் நின்ற செங்கல் வீடுகள் அப்படியே இறங்கின. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. எஞ்சிய பகுதியில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். தப்பியவர்களில் பலர் எதிர்க்கரைக்கு வந்து குடியேறியதே கிங்ஸ்டனின் தொடக்கம். ஆனால் எல்லோரும் உடனே வந்துவிடவில்லை. சிலர் பழைய இடத்திலேயே மீண்டும் கட்டினார்கள். 1703-இல் தீ அதையும் அழித்த பிறகுதான் வணிகம் பெருமளவில் கரை மாறியது.

கிங்ஸ்டனின் செல்வத்தைக் கடற்கொள்ளையர் கதையோடு முடிச்சுப் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அந்தக் கதைகளின் நாயகன், கடற்கொள்ளைத் தலைவன் ஹென்றி மார்கன் 1688-லேயே இறந்துவிட்டார். கிங்ஸ்டன் அப்போது பிறக்கவே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்த நகரை வளர்த்தவை சர்க்கரையும், கப்பல்களில் கொண்டுவந்து இங்கே விற்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பும்தான். அதைச் சொல்லாமல் கொள்ளையரின் சாகசத்தை மட்டும் சொன்னால், நகரை உண்மையில் உருவாக்கியவர்கள் மறைந்துபோகிறார்கள்.

தலைநகரான ஆண்டு 1692 அல்ல, 1872. அதுவரை ஸ்பானியர்கள் 1534-இல் நிறுவிய ஸ்பானிஷ் டவுனே தலைநகரம். பிரிட்டிஷ் ஆளுநர் சார்லஸ் நோல்ஸ் 1755-இல் ஆட்சியைக் கிங்ஸ்டனுக்கு மாற்றிப் பார்த்தார். மூன்றே ஆண்டுகளில் லண்டனில் இருந்த அரசு அதை ரத்து செய்தது.

கரீபியன் நகரம் என்றால் ஓயாத மழையும் பசுமையும் என்று கற்பனை செய்வதும் இங்கே பொருந்தாது. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்றை நீலமலைத் தொடர் மறித்து நிற்கிறது. 2,256 மீட்டர் உயரம் வரை எழும் அந்தத் தொடரின் மறுபக்கத்திலேயே காற்று தன் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. அதனால் வடகிழக்குக் கரையில் போர்ட் அன்டோனியோ நனைந்து கிடக்க, தெற்குக் கரையின் கிங்ஸ்டன் மழைமறைவில் வறண்டு, குடிநீருக்குத் திண்டாடுகிறது. பகல் வெப்பத்தைத் தணிக்கும் கடற்காற்றை ஜமைக்கர்கள் 'டாக்டர்' என்று அழைப்பது சும்மா இல்லை.

நகரின் மையத்தில் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களை எதிர்பார்த்துப் போகவும் வேண்டாம். 1907 ஜனவரி 14 அன்று வந்த நிலநடுக்கமும் தொடர்ந்த தீயும் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தின்றுவிட்டன. பேரேட் சதுக்கத்தைச் சுற்றிய கட்டம் கட்டமான தெரு அமைப்பில்தான் பழைய நகரைப் பார்க்கலாம்.

மக்கள்தொகை எழுதும்போது எந்த எல்லை என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் கிங்ஸ்டன் பாரிஷில் (ஜமைக்காவின் நிர்வாகப் பிரிவு) மட்டும் சுமார் 89,000 பேர். நகரம் பரந்திருக்கும் பக்கத்து பாரிஷான செயின்ட் ஆண்ட்ரூவையும் சேர்த்தால் சுமார் 6.6 லட்சம். இரண்டும் 1923 முதல் ஒரே உள்ளாட்சி நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. பெயரிலும் குழப்பம் வேண்டாம்: கிங்ஸ்டவுன் என்பது செயின்ட் வின்சென்ட் நாட்டின் தலைநகரம். அந்த ஊரின் படத்தைக் கிங்ஸ்டனுக்குப் போட்டுவிடாதீர்கள்.