கணுக்கால் சுளுக்குக்குப் பிறகு மறுபடியும் நாய்வண்டி: என் அனுபவம்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களை, பனி விழுமுன் ஏடிவியில் (நான்கு சக்கர மோட்டார் வண்டி) பூட்டிப் பழக்கும்போது, வலது பாதம் உள்பக்கம் மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு இழுத்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை.

வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நம்புவதுதான் தப்பு. சறுக்குவண்டியைத் திருப்புவதே பாதம்தான். வண்டிக்கு அடியில் நாம் நிற்கும் இரண்டு சறுக்குச் சட்டங்களில், வளைவில் உள்பக்கம் இருப்பதன்மேல் எடையை ஏற்றினால் மறுபடி பிசகும். கைகொடுத்தது சமநிலைப் பயிற்சி: ஒற்றைக்காலில் 30 விநாடி, மூன்று முறை, இருவேளை, பிறகு கண்ணை மூடி, கடைசியில் மடித்த போர்வைமேல். ஒற்றைக்காலில் குதிகாலை 15 தடவை வலியில்லாமல் உயர்த்த முடிந்த பிறகே வண்டி.

முதலில் நான்கு நாய்கள், நேர்பாதை. பிறகுதான் ஆறு. அவசரப்பட்டு எட்டு பூட்டினால் பிரேக்கை மிதிக்கக் கால் தாங்காது.

கணுக்கால் பட்டையை பூட்ஸுக்குள் இறுக்கக் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் உறைந்துவிடும். ஓரளவு பெரிய பூட்ஸ் போடுங்கள். உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும்.